அரக்கும் சரடும் உட்பட

"உமது தொழிலுக்குத்தான் எத்தனை பெயர், ஐயா! அரச ஓலையில் 'ஆராய்வார்' என்கிறார்கள். ஊர்ச்சபையார் 'கண்காணி' என்கிறார்கள். என் தந்தையோ 'கணக்காய்வர்' என்கிறார். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதானா?"

"ஒன்றுதான், பெண்ணே. எவரையும் நம்பாதவன் என்று பொருள்."

"ஆட்டு இடையர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டேனே! 'தண்ணீர் குடிக்காதவர்'!"

நான்கு ஆண்டுகளுக்கு முன் அரிசிலாற்றுத் துறையில் நீர்க்குடத்தை நீட்டியபடி அவள் சிரித்த சிரிப்பு, இன்று மாலை ஓடத்தில் வந்துகொண்டிருந்த ஐயாறனின் காதில் மறுபடியும் ஒலித்தது. மேற்கே சூரியன் மறைந்து, கிழக்கே மூங்கில் புதர்களுக்கு மேல் நிலா எழுந்து, ஆற்றின் ஒரு பாதி பொன்னாகவும் மறுபாதி வெள்ளியாகவும் மின்னிய வேளை அது. அந்த அழகில் அவன் மனம் செல்லவில்லை.

கோயில்களின் கணக்கை ஆராயும் அதிகாரி, தான் ஆராயும் ஊரில் ஒரு வெற்றிலைகூட வாங்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீரும் குடிக்கக் கூடாது. இது அரசாணை. ஆண்டுதோறும் கூவிளம்பூண்டிக்கு வந்து, எயினி நீட்டும் குடத்தை மறுத்துவிட்டு, வறண்ட தொண்டையோடு திரும்பியவன் அவன். தொண்டையில் நின்றது தாகம் மட்டும்தானா என்பதை, அன்பார்ந்த வாசகர்களே, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இம்முறை எயினி துறைக்கு வரவில்லை. அவள் தந்தை, கோயில் பண்டாரத்தைக் காக்கும் சாத்தன் பூதி, திருட்டுக் குற்றம் சுமந்து நின்றார்.

மறுநாள் பிற்பகல் கோயில் மண்டபத்தில் சபை கூடியது. சென்ற ஆண்டு அம்மனுக்குப் பட்டத்தரசி அளித்த பதக்கமாலை தராசில் ஏறியது. தட்டு மேலே போயிற்று. ஏழு கழஞ்சு குறைவு!

"கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? பொன் தொண்ணூறு கழஞ்சு!" என்று சபைத் தலைவர் மழவராயர் சுவரைக் காட்டினார். "ஏழு கழஞ்சும் சிறகு முளைத்துப் பறந்ததோ, பூதியாரே?"

"உள்ளே அடைத்திருந்த அரக்கு வெடித்தது. சரடும் இற்றுப்போயிற்று. பழையதை எடுத்துவிட்டேன், புதிது அடைக்கத் தட்டான் வரவேண்டும். அம்மன் மேனியில் கிடந்ததை எறிய மனம் வராமல் இதோ, பட்டில் முடிந்துவைத்திருக்கிறேன்" என்றார் பூதி.

"அரக்கு கடையிலும் கிடைக்கும்! கல் பொய் சொல்லுமா?"

சிலர் சிரித்தார்கள். குற்றம் உறுதியானால் பூதியின் நிலமும் வீடும் பறிபோகும்; குடும்பம் ஊரைவிட்டே போகவேண்டும். தூணோரம் நின்ற எயினி தலை குனியவில்லை. அவள் கண்கள் ஐயாறனையே பார்த்தன. அவற்றில் வேண்டுதல் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

அவன் சென்ற ஆண்டின் மூல ஓலையை எடுத்தான். அவனே மாலையை நிறுத்து, அவனே எழுதிய ஓலை. கல்தச்சன் அதைப் பார்த்துத்தான் வெட்டினான். 'பொன் தொண்ணூறு கழஞ்சு.' அதன் பின்னே இன்னும் மூன்று சொற்கள் இருந்திருக்க வேண்டும். அன்று எழுத்தாணி அந்த இடத்துக்கு வந்தபோது, இதே தூணோரம் பூத்தட்டுடன் ஒருத்தி கடந்து போனாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்தபோது அடுத்த வரியைத் தொடங்கிவிட்டான்.

இது அவனைத் தவிர உலகில் எவருக்கும் தெரியாது. வாய் மூடியிருந்தால் போதும், பதவி நிலைக்கும்.

"சபையோரே," என்று எழுந்தான் ஐயாறன், "அந்தப் பட்டு முடிச்சையும் தட்டில் வையுங்கள்."

வைத்தார்கள். முள் நேராக நின்றது.

"இது கடை அரக்கு அன்று. அரக்கும் சரடும் உட்பட நிறுத்தவன் நான். அவ்வாறு எழுதாமல் விட்டவனும் நான். கல் பொய் சொல்லவில்லை. நான் பிழையாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது."

மழவராயர் திகைத்தார். "ஐயாறரே, பிழை செய்த கண்காணிக்கு என்ன விதி என்று தெரிந்துதான் பேசுகிறீரா?"

"தெரியும்" என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தராசின் அருகே வைத்தான். "பூதியார் குற்றமற்றவர். இதுவே என் கடைசி ஆராய்ச்சி."

அந்தி மங்கும் நேரம் அவன் துறைக்கு வந்தபோது எயினி குடத்துடன் நின்றிருந்தாள்.

"ஏன் எழுதாமல் விட்டீர்?"

"அன்று நீ பூத்தட்டுடன் போனாய்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஆராய்வார் இல்லை, கண்காணி இல்லை, கணக்காய்வரும் இல்லை. இனி உம்மை என்னவென்று அழைப்பது?"

"ஐயாறன். என் தாய் வைத்த பெயர்."

ஓடக்காரன் துடுப்பால் படகைத் தட்டி அழைத்தான். ஐயாறன் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் அமர்ந்து இரு கைகளையும் குவித்து நீட்டினான்.

"தாகமாக இருக்கிறது, எயினி. உன் கையால் தண்ணீர் வார். குடித்ததும் உன் தந்தையிடம் வந்து உன்னைக் கேட்கிறேன். கேட்கலாமா?"