பொட்டு வைத்த கீபோர்டு

விஜயதசமி, காலை 9.10. வெண்ணந்தூர் 'பெரியநாயகி டெக்ஸ்' முதலாளி பாலசுந்தரம் போனில் மெயிலைத் திறந்தார். பொங்கலுக்கு இறக்கவிருந்த பதினான்கு புடவை டிசைன்களும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போயிருந்தன. நேற்று, ஆயுத பூசையன்று, மாலை 3.42க்கு. அனுப்பியவர் பெயர்: பாலசுந்தரம். அந்நேரம் பாலசுந்தரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்கச் சாட்சி.

9.15க்குக் குற்றவாளியையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். ஆபீஸ் சாவியும் மெயில் பாஸ்வேர்டும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அறிவுச்செல்வியிடம் இருந்தன. போன மாதம் லீவு கேட்டு முறைத்துக்கொண்டவளும் அவள்தான். போலீஸுக்குப் புகார் போனது.

11.20. நாமக்கல் சைபர் கிரைம் எஸ்.ஐ. மலர்விழி வந்தார். அறிவுச்செல்வி அழுது முடித்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டிசைன் திருடி என்று பெயர் வந்துவிட்டால், சுற்றுவட்டாரத்தில் ஒரு தறிக்காரரும் அவளை வாசலில் ஏற்றமாட்டார். முதலாளிக்குப் பக்கத்தில் அவர் மச்சினன் மதன். ஆட்டையாம்பட்டியில் தறிப் பட்டறை வைத்திருப்பவர். உறையில் 'பெரியநாயகி டெக்ஸ்' என்று அச்சடித்த போனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

மேசையில் கம்ப்யூட்டர் மாலையும் கழுத்துமாக இருந்தது. கீபோர்டில் ஒரு கட்டை விடாமல் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். மவுஸுக்கு நெற்றி இல்லாததால் இரண்டு பட்டனிலும் வைத்திருந்தார்கள். எல்லாம் வைத்தது வைத்தபடி காய்ந்திருந்தது.

"பொட்டு வெச்சது யாரு?"

"நாந்தானுங்க" என்றார் பாலசுந்தரம் பெருமையாக. "பூசை முடிச்சு பன்னண்டரைக்குப் பூட்டிட்டோம்."

"இன்னிக்கு யாராச்சும் தொட்டீங்களா?"

"நல்ல நேரம் பன்னண்டேகாலுக்குங்க. அதுவரைக்கும் கரண்டே போடமாட்டோம்."

"மெயில் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் இந்தப் புள்ளைக்கும் மட்டுந்தானுங்க."

"என்ன வெச்சிருக்கீங்க?"

"பெரியநாயகி 4545. காரு நம்பரும் அதேதானுங்க. வைஃபைக்கும் அதான். வர்றவங்க கேட்டுட்டே இருக்காங்கன்னு செவுத்துல ஒட்டிட்டேன்."

மலர்விழி சுவரைப் பார்த்தார். லேமினேட் செய்து ஒட்டியிருந்தது.

"மெயிலுக்கு ஒண்ணு, வைஃபைக்கு ஒண்ணு வெக்கலாமுல்லங்க?"

"ரெண்டு வெச்சா மறந்துருமுங்க."

"புதுசா யாராச்சும் உள்ள நுழைஞ்சா உங்க போனுக்கு ஒரு நம்பர் வருமே?"

"அது நொய்யி நொய்யின்னு வந்துட்டே இருந்துச்சுங்க. நிறுத்திட்டேன்."

மலர்விழி தண்ணீர் கேட்டார். முழுச் சொம்பையும் குடித்தார்.

மதனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க மேடம், எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க? சாவி இந்தப் புள்ளகிட்டத்தானே இருந்துச்சு?"

"3.42க்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆட்டையாம்பட்டியில. என் பட்டறைப் பூசை. பதினஞ்சு பேரு சாட்சி."

"நம்பறேன்" என்றார் மலர்விழி.

11.50. பாலசுந்தரத்தின் போனை வாங்கி, அந்த மெயில் எந்தெந்தக் கருவிகளில் திறந்து கிடக்கிறது என்ற பட்டியலை எடுத்தார். மூன்று இருந்தன. ஆபீஸ் கம்ப்யூட்டர், கடைசியாகப் பூசைக்கு முந்தின நாள். பாலசுந்தரத்தின் போன். இன்னொரு போன், நேற்று மாலை 3.42.

"இது எது?"

"என் பழைய போனுங்க. ஆடியில மதனுக்குக் குடுத்துட்டேன்."

"உள்ள இருந்ததை அழிச்சுட்டுக் குடுத்தீங்களா?"

"சிம்மைக் கழட்டிட்டேனுங்களே."

மதன் போனை உருட்டுவதை நிறுத்தினார்.

"இங்க பாருங்க" என்றார் மலர்விழி, குரலை உயர்த்தாமல். "இந்தக் கீபோர்டுல ஒரு எழுத்து அடிச்சிருந்தாலும் குங்குமம் கலைஞ்சிருக்கும். மவுஸை அமுக்கியிருந்தாலும் பொட்டுல விரல் பதிஞ்சிருக்கும். பொட்டு வெச்ச நீங்களே அதைப் பாக்கல. இந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடல. அப்பறம் சாவி யாருகிட்ட இருந்தா என்ன? மெயில் ஆட்டையாம்பட்டியிலிருந்து போயிருக்கு. பதினஞ்சு பேரு சாட்சியோட. மதன், அந்த போனை இப்படிக் குடுங்க."

"கை பட்டுருச்சு மாமா" என்றார் மதன், பாலசுந்தரத்தைப் பார்த்து.

"பதினாலு டிசைனுக்குமாடா? உன் தறியில ஓட்டறதுக்கா?"

"அனுப்புனது உங்க போன்லயும் தெரியும்னு அவருக்குத் தெரியல" என்றார் மலர்விழி. "அவரும் உங்க குடும்பந்தானே."

12.15. நல்ல நேரம். மதன் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். பழைய போனை மெயிலிலிருந்து வெளியேற்றியாயிற்று. நின்றுபோன நம்பர் மறுபடி வரும்படியும் செய்தாயிற்று. பாலசுந்தரம் அறிவுச்செல்வியின் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"சாமி, நீயே புதுசா ஒரு பாஸ்வேர்டு போட்டுரு."

"மாட்டேனுங்க. உங்க மெயிலுக்கு நீங்களே போடுங்க. எனக்குத் தனியா ஒண்ணு தொறந்து குடுங்க. உங்களுது எனக்குத் தெரியவே வேண்டாம். தெரிஞ்சதுனாலதானே காலையில திருடின்னீங்க?"

பாலசுந்தரம் கம்ப்யூட்டரைப் போட்டார். உட்கார்ந்து, குங்குமத்தைத் துடைத்துவிட்டு, ஒற்றை விரலால் அடித்தார். ஆறு நிமிடம் ஆனது. முடித்ததும் முகம் மலர்ந்து திரும்பினார்.

"நல்லா வெச்சிருக்கேன், கேளு சாமி..."

அறிவுச்செல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள். மலர்விழி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார்.