நான்கு விரல் இடைவெளி

ஏற்றம் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் வண்டி மூச்சு வாங்கியது. எதிர்க்காற்றுகூட இல்லாத சமதள ரோட்டில், நாலாவது கியரில் போய்க்கொண்டிருந்த பழைய பிக்கப் மூன்றுக்கு இறங்கியது. மூன்றிலும் முக்கியது. பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த கேரவன், இரண்டு பேர் படுத்து எழுந்திருக்கிற அளவு தகர வீடு, காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பாரம் குறையட்டும் என்று மெத்தை, அடுப்பு, தட்டுமுட்டு எல்லாவற்றையும் அவரே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.

முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர் இதற்கெல்லாம் கலங்க மாட்டார். ஓரமாக நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தார். டீசல் பில்டர் போன வாரம் மாற்றியது. ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினார், தூசி இல்லை. அடுத்து, ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் சைலன்சர் வாயில் கையை வைத்துப் புகை தடையில்லாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்க ஆள் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு வரை மனைவி இருந்தாள். அவர் வண்டிக்கு அடியில் கிடந்தபடி “மிதி” என்பார், சீட்டில் உட்கார்ந்து அவள் மிதிப்பாள். “விடு” என்றால் விடுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் என்னிடம் அதிகம் பேசியது இந்த இரண்டு வார்த்தைதான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பாரம் பார்க்க அவரிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. பிக்கப்பின் பின்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை நுழைப்பார். காலிக் கேரவன் என்றால் நான்கு விரல் போகும். காலையில் நான்கு போனது. இப்போது மூன்றுதான் போனது.

டேஷ்போர்டில் செருகியிருந்த போன் அடித்தது. எஞ்சின் சத்தத்தில் காது கேட்காது என்பதால் அவருக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“மலை அடிவாரத்துக்கு வந்துட்டேம்மா. வண்டி இழுக்க மாட்டேங்குது.”

“அந்த டப்பாவ அங்கேயே விட்டுட்டு வாங்கப்பா. அம்மா உயிர் போன வண்டி அது. அதுல போய் எப்படிப் படுப்பீங்க?”

“உன் வீட்ல இருக்கிறதே ஒரு ரூம். வாசல்ல இத நிறுத்திக்கிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல.”

மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அம்மா நிஜமாவே தூக்கத்துலதானப்பா போனாங்க?”

“தூக்கத்துலதாம்மா,” என்றார். எத்தனையாவது முறை என்று அவருக்கே தெரியவில்லை. உலகத்தில் அவருக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்தி. அவளும் தெரிந்துகொண்டால் அப்புறம் அவருக்குப் போக இடமில்லை.

போனை வைத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, கேரவனைக் கழற்றினார். பிக்கப்பை மட்டும் ஓட்டிப் பார்த்தால் கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. அப்படியானால் எஞ்சினில் கோளாறில்லை, பின்னால்தான். பிரேக் உராய்ந்தால் சக்கரம் கொதிக்கும். கேரவன் சக்கரத்தைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. அவருக்குத் தெரிந்த கோளாறுகள் அத்தோடு முடிந்தன.

இருட்டுவதற்குள் மலையைத் தாண்டிவிட நினைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார். பனிமூட்டம் இறங்கியது. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், மனிதன் நடக்கிற வேகம். ஈரத் தார், எரிந்த டீசல், அவற்றுக்கு நடுவே மெல்லிசாக, இடுப்பு வலிக்கு அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

அன்றைக்கும் இதே ஏற்றம்தான். இடுப்பு வலிக்கிறது என்று அவள் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். ஓடும்போது கதவு ஆடிச் சத்தம் போடும், அதனால் வழக்கம்போல வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். பாதி மலையில் பின்னாலிருந்து டொக், டொக், டொக். கொக்கியில் ஆட்டம் இருக்கிறது, பூட்டு ஊசி தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். ஏற்றத்தில் நிறுத்தினால் பழைய வண்டி மறுபடி கிளம்பாது, உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். முக்கால் மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

டொக்.

இப்போது இருப்பது புது ஊசி. அவரே போட்டு முறுக்கியது.

டொக். டொக்.

எஞ்சின் இருமி அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கல்லை எடுத்துக்கொண்டு இறங்கினார். கல் வைத்ததும் விரலை நுழைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் போகவில்லை. டயர்மேல் மட்கார்டு உட்கார்ந்திருந்தது.

கேரவன் கதவுக்கு வந்தார். வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலையில் அவர் போட்டதுதான். அன்றைக்குத் திறக்காததை இன்றைக்குத் திறந்தார்.

காலி. வெறும் பலகைத் தரை, தைல வாசனை. முன்பக்கத் தகரச் சுவரில், படுத்தால் கை எட்டும் உயரத்தில், சின்னச் சின்னக் குழிகள். அவள் வளையல் பட்டு விழுந்தவை. மகள் கண்ணில் படக் கூடாதென்று மக்குப் பசை பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார். மக்கு மொத்தமும் உதிர்ந்து தரையில் கிடந்தது.

பின்வாங்கி இறங்கினார். ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார். நான்கு விரல் போனது. தாராளமாகப் போனது.

பாரம் இறங்கிவிட்டது. அழுகை வந்தது. “மன்னிச்சிரு” என்று வாய்விட்டுச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனியில் பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிய வேண்டுமே என்று பிரேக் விளக்கைப் பார்க்கக் கேரவனுக்குப் பின்னால் போனார். குனிந்தார். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

“மிதி.”

விளக்கு எரிந்தது.

பனி முழுக்கச் சிவப்பு. அவருடைய கைகளும் சிவப்பு.

“விடு.”

அணையவில்லை.

“விடும்மா.”

அணையவில்லை.

முன்னால், ஆளில்லாத பிக்கப்பில், போன் அடிக்கத் தொடங்கியது. அவர் அசையவில்லை. நான்கு முறை அடித்தது. ஐந்தாவது பாதியில் நின்றது. யாரோ எடுத்தார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியாக, ஸ்பீக்கரில், மகளின் குரல்.

“அப்பா? ... அப்பா, கேக்குதா?”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“அம்மா?”

சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

“ம்... சொல்லும்மா,” என்றாள் மகள். “கேக்குது.”