உழவாரன்கள் பெருகிய மாடி

மழை ஓய்ந்த ஐப்பசி அந்தியில் குழல்விளக்கைச் சுற்றி ஒரு பூச்சிகூட இல்லை.

ஈசல் வந்து சோற்றுத் தட்டில் விழவேண்டிய நேரம் அது. வேடசந்தூருக்கு வெளியே, மூடிக்கிடந்த நூற்பாலையின் குடியிருப்பு வீட்டு வாசலில் விக்னேஷ்குமார் தொங்கவிட்டிருந்த வெள்ளை வேட்டி, மாப்பிள்ளைக்கு எடுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

முதுகலை விலங்கியலில் அவனுக்கும் ரொனால்டுக்கும் சேர்த்து ஒரே ஆய்வு: பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் பறவைகள் ஏன் குறைகின்றன. வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். விளக்கடி வேட்டியில் உட்காரும் பூச்சிகளை விக்னேஷ் எண்ணுவான். மாடியில் மல்லாந்து படுத்து, வானில் சுற்றும் உழவாரன் குருவிகளை ரொனால்டு எண்ணுவான். இவன் மேலே பார்ப்பதில்லை, அவன் கீழே பார்ப்பதில்லை. பூச்சி வாராவாரம் குறைந்தது; குருவி வாராவாரம் கூடியது. ஊரெல்லாம் அருகிவரும் பறவை இந்த ஒரு வீட்டின்மேல் மட்டும் பெருகுகிறது என்று கேட்டுப் பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். பூச்சிக் கணக்கைக் காட்டியபோது, வேட்டியை நல்ல சோப்புப் போட்டு அலசச் சொன்னார்.

குருவிகள் எதைத் தின்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஆய்வு கெட்டுவிடும்.

தீபாவளிக்கு விக்னேஷ் ஊருக்குப் போனான். ரொனால்டு இங்கேயே தங்கிவிட்டான். அதன்பிறகு போனை எடுக்கவில்லை. இன்று அவனைக் கையோடு கூட்டிவருவதாக அவன் அம்மாவிடம் விக்னேஷ் வாக்குக் கொடுத்திருந்தான். பஸ் இறங்கியதும் டீக்கடைப் பொன்னழகு பிடித்துக்கொண்டார்.

"உங்கூட்டாளி சோறு வாங்க வந்தே வாரமாச்சு அப்பு. கேட்டா, வயிறு நெறஞ்சு கெடக்குங்கிறான். எவ ஆக்கிப் போடுறான்னு விசாரி."

வீட்டுக்கு வந்து விக்னேஷ் கூப்பிட்டதற்கு, கணக்கை முடித்துவிட்டு வருவதாக மாடியிலிருந்து குரல் வந்தது. அதுவரை தன் கணக்கையும் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த விளக்கு, இந்த வேட்டி. இருட்டிக்கொண்டு வந்தது. புற்றைக் கொத்திவிட்டது போன்ற ஈரமண் வாடை மாடிப்படி வழியாக இறங்கி, அடுப்படியைக் கடந்து, அவன் மூக்கருகில் வந்து நின்றது. அதற்கும் மேலே, ஓடாத ஆலையில் நூல் சுற்றும் கதிர்கள் சுழல்வது போல, இடைவிடாத கீச்சொலி.

அவன் படியடியில் நின்றான்.

"மாப்ள, கெளம்புவமா? அம்மா தேடுறாங்கடா."

மேலிருந்து ரொனால்டின் குரல் கேட்டது.

"வாரேன்லே. இதுக தின்னு முடிக்கட்டும்."

"எதத் திங்குது? இங்க கொசுவே இல்ல."

 சிறகுச் சத்தம் மட்டும்.

படியேறினான். உழவாரன்கள் இவ்வளவு தாழப் பறந்து அவன் பார்த்ததில்லை. சிறகுக் காற்று முடியைக் கலைத்தது, அலகுகள் காதோரம் டிக் டிக் என்று மூடின, கூட்டம் முழுவதும் புனல்போலச் சுழன்று கீழிறங்கி மாடித் தரையின் ஒரே புள்ளியை நோக்கிக் குவிந்தது.

அந்தப் புள்ளியில் ரொனால்டு படுத்திருந்தான்.

விக்னேஷ் செல்போன் விளக்கைப் போட்டான்.

கண்கள் வானத்தில். இமைக்கவில்லை. வாய் அகலத் திறந்திருந்தது. கீழுதட்டின்மேல் ஏறி நின்றது ஓர் ஈசல். ஈர இறகை விரித்தது. பறந்தது. டிக். ஒரு குருவி கவ்வியது.

அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக. அவசரமில்லாமல்.

ரொனால்டின் சட்டைக்குள் வயிறு நெளிந்தது.

"ரொ..."

 ஈசல்கள் நின்றன. திரும்பின. வெளிச்சத்தைப் பார்த்து. அவனைப் பார்த்து.

குருவிச் சுழல் மெல்ல நகர்ந்தது. அவன் தலைக்கு மேலே வந்தது. நின்றது.

கூப்பிடத் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. முதல் ஈசல் அவன் உதட்டில் உட்கார்ந்தது. இறகுகளை உதிர்த்தது. உள்ளே நடந்தது.