கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

கண்ணாடி சிரித்தது.

பெயிண்டரின் கையிலிருந்த பிரஷ் நழுவித் தரையில் விழுந்தது. பட்டப்பகல். வெளியே மழை. அறையில் அவனைத் தவிர ஆள் கிடையாது... குட்டி நாற்காலிகளையும் மரக்கட்டைகளையும் ஓர் ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் சிரிப்பு கேட்டது. பெண் சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் உடைந்துபோன சிரிப்பு.

அவன் செய்த காரியமும் அப்படித்தான். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய கண்ணாடியைப் பார்த்ததும் முதலில் தலை சீவினான். பல்லைக் காட்டிப் பார்த்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, நேரில் ஒரு நாளும் சொல்ல வராததைக் கண்ணாடியிடம் சொன்னான்.

“இங்க பாருங்க மேஸ்திரி, எனக்கும் மீசை முளைச்சு வருஷமாச்சு. நாலு பேர் நடுவுல வச்சு டேய் டேய்னு கூப்பிடாதீங்க.”

மேஸ்திரியின் கரகரத்த குரலில் அவனே பதிலும் சொன்னான். “சரிடா. ஏணியை எடுடா.”

“இதோ எடுத்துட்டேன் மேஸ்திரி...” என்று குழைந்து குனிந்தான்.

அங்கேதான் சிரிப்பு வெடித்தது.

பக்கத்தில் இருந்த சின்னக் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் பேனா, கண்ணில் நீர். சிரித்துச் சிரித்து வந்த நீர்.

“மன்னிச்சிடுங்க... சிரிக்கக் கூடாதுன்னு ரொம்பப் பார்த்தேன்.”

“நீங்க... எங்கேர்ந்து?”

“கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. அங்கேர்ந்து பார்த்தா இந்தப் பக்கம் எல்லாம் தெரியும். இங்கேர்ந்து பார்த்தா உங்க முகம்தான் தெரியும்.”

“எவ்வளவு நேரமா பார்க்கறீங்க?”

“தலை சீவினதுல இருந்து.”

அவன் காது வரை சிவந்துபோனான். “இது அநியாயம்ங்க.”

“ஆய்வுங்க,” என்றாள் அவள்.

அந்தக் கண்களை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஓட்டு நுனியில் ஒரு சொட்டு நிற்குமே, விழலாமா வேண்டாமா என்று... அந்த மாதிரிக் கண்கள். எத்தனையோ வீட்டுக்கு எத்தனையோ நிறம் அடித்தவன். இந்த நிறத்துக்கு அவனுக்குப் பெயர் தெரியவில்லை.

அது குழந்தைகளை ஆராயும் இடம். அடிக்கிற குழந்தை, கடிக்கிற குழந்தை, பள்ளியில் சண்டை போட்டுவிட்டு வரும் வளர்ந்த பிள்ளைகள், எல்லாரும் அங்கே வருவார்கள். அவர்கள் விளையாடுவதை இருட்டறையிலிருந்து பார்த்து, யார் யாரைத் தள்ளினார், யார் யாரை அடித்தார் என்று தாளில் கோடு போடுவதுதான் அவள் வேலை. உள்ளே சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது. குழந்தைகளைப் பிரித்துவிட விளையாட்டு அறையில் வேறு ஆள் உண்டு. எத்தனையோ கடியையும் உதையையும் சத்தமில்லாமல் பார்த்தவள், ஒரு பெயிண்டரிடம் தோற்றுப்போனாள்.

“குழந்தைங்க அடிச்சுக்கறதுக்கு ஆய்வா டீச்சர்? கோவம் வருது, அடிக்குதுங்க.”

“நான் டீச்சர் இல்லை. கோவம் எல்லாருக்கும்தான் வருது. எல்லாரும் அடிக்கறது இல்லையே. அந்த வித்தியாசம் எங்கேர்ந்து வருதுன்னுதான் தேடறோம்.”

“கிடைச்சிதா டீச்சர்?”

“நான் டீச்சர் இல்லைன்னு இப்பதானே சொன்னேன்?”

“பேனா வச்சிருக்கீங்க, கேள்வி கேட்டா பதில் சொல்றீங்க. வேற எப்படிக் கூப்பிடறதாம்?”

அந்த மழைக்காலம் இப்போது நினைத்தாலும் ஈரமாகத்தான் இருக்கிறது. விளையாட்டு அறை முடிந்து தாழ்வாரம் வந்தது. தாழ்வாரம் முடிந்து மாடிப்படி வந்தது. மழையில் சுவர் காயவில்லை என்று மேஸ்திரியிடம் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பாதி நிஜம். மீதி... அவள் தேநீர் குடிக்கப் படியில் வந்து உட்காருகிற நேரம்.

கூரைக்கு வண்ணம் அடித்தவனுக்குத்தான் தெரியும், சாயங்காலம் கழுத்து எப்படிக் கழன்று விழும் என்று. அந்த நாட்களில் அவனுக்குக் கழுத்து வலித்ததா என்றே ஞாபகம் இல்லை.

ஒரு நாள் தலைக்கு மேல் குளவி சுற்றியது. விரட்டுவதற்காகச் சட்டென்று கையை வீசினான். கீழே நின்றவள் கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அடுத்த நொடி நிமிர்ந்து, “குளவின்னா பயம்,” என்று சிரித்தாள்.

குளவி அந்தப் பக்கமே போகவில்லை. அது அவனுக்குத் தெரியும். யார்? எந்தப் பாவி? கேட்க வாய் வரவில்லை. அன்று முதல் அவள் பக்கத்தில் நிற்கும்போது பிரஷ்ஷைக்கூட மெதுவாகத்தான் தூக்கினான்.

யார் என்பது தானாகவே தெரிந்தது. அவளுடைய அண்ணன் ஒரு மாலையில் வாசலுக்கே வந்துவிட்டான்.

“வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இவன்கூட நின்னு பல்லைக் காட்டிட்டு இருக்கியா? நட.”

அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். அவள் படியில் தடுக்கி முட்டியை ஊன்றினாள். அவ்வளவுதான்... எப்போது ஏணியிலிருந்து இறங்கினோம், எப்போது அவன் சட்டையைப் பிடித்தோம் என்று பெயிண்டருக்கே தெரியாது. வலது கை ஓங்கியபடி நின்றது.

“வேண்டாம்.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவள் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஓங்கிய கையைத்தான் பார்த்தாள். யாருடைய கை என்று பார்த்த மாதிரி இல்லை.

அவன் கையை இறக்கினான். சட்டையை விட்டான். அண்ணன் முறைத்துக்கொண்டே அவளை அழைத்துப் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. நான் அடிச்சேனா? அவனை விட்டுட்டு என்னைப் பார்த்து எதுக்குப் பயப்படணும்? அவளுக்கு நானும் அவனும் ஒண்ணுதானா... வீம்பு வந்துவிட்டது. இரண்டே நாளில் மாடிப்படியை முடித்தான். மழையிலும் சுவர் காய்ந்துவிட்டதாம். அவள் வருகிற நேரத்தில் பின்கட்டில் வேலை பார்த்தான். சொல்லாமல் கிளம்பினான்.

அவளுக்கும் வீம்புதான். சொல்லாமப் போனவரை நான் ஏன் தேடணும்? அப்படியே தேடிப் போய்த்தான் என்ன சொல்வது... நீங்க கையை ஓங்கினப்போ எனக்கு வீடு ஞாபகம் வந்துச்சுன்னா?

இருட்டறையில் உட்கார்ந்து கோடு போட்டாள். மணிக்கட்டில் நீலம் மெல்ல மஞ்சளானது.

விளையாட்டு அறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எல்லாரும் அவளைக் குட்டிப்புயல் என்பார்கள். வந்த நாள் முதல் அவள் பெயருக்கு நேராகத்தான் கோடுகள் அதிகம். அன்று அவள் கட்டிய கோபுரத்தை இன்னொரு குழந்தை தட்டிவிட்டது. குட்டிப்புயல் மரக்கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். முகம் செக்கச் செவேல் என்று ஆனது. பிரித்துவிடுகிற ஆள் எழுவதற்குள்... கட்டை கீழே இறங்கியது. மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அழுதாள். அடிக்கவில்லை.

பேனா தாளின் மேலேயே நின்றது. தள்ளியதற்கு ஒரு கட்டம் உண்டு. அடித்ததற்கு உண்டு. கடித்ததற்கு உண்டு. இதற்கு?

ஆய்வை நடத்தும் பேராசிரியையிடம் ஓடினாள். “மேடம், ஓங்கிட்டு அடிக்காம விட்டா எங்கே குறிக்கறது?”

“அடிக்கலையே. அப்போ ஒண்ணுமே நடக்கலைன்னுதானே அர்த்தம்?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்மா, நடந்துச்சா?”

“நடந்துச்சு மேடம். இன்னைக்கு நடந்ததே அது ஒண்ணுதான்.”

அன்று வீட்டில் அண்ணன் கையை ஓங்கியபோது அவள் தலையைப் பொத்தவில்லை. “இறக்கு,” என்றாள். “உன்னால முடியும். முடியறவங்களை நான் பார்த்திருக்கேன்.” அவன் கத்தினான். தட்டைத் தூக்கி எறிந்தான். அம்மா எழுந்து வந்து நடுவில் நின்றாள். முதல் தடவையாக.

மறுநாள் மேஸ்திரியிடம் விசாரித்துக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். புதுக் கட்டிடம், மூன்று மாடி, சுற்றிலும் சாரம். தூறல் விழுந்ததால் வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

“டேய்,” என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார் மேஸ்திரி. “உன்னைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்குடா. யார் தலையிலயாவது பெயிண்டைக் கொட்டிட்டியா?”

அவன் இறங்கி வந்தான். புருவத்திலெல்லாம் வெள்ளை. அவளைப் பார்த்ததும் கையைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லாமப் போயிட்டீங்க,” என்றாள்.

“சொல்லிட்டுப் போற அளவுக்கு நான் யாரு?”

“வீம்பு.”

“ஆமா. நீங்க மட்டும் திரும்பிப் பார்த்தீங்களாக்கும்.”

“பார்க்கலை. பயந்துட்டேன்.”

“என்னைப் பார்த்தா?”

“கையைப் பார்த்து. எந்தக் கை ஓங்கினாலும் எனக்கு ஒரே கைதான் தெரியும்... அப்படியே பழகிடுச்சு. அது இறங்கினதை அன்னைக்கு நான் பார்க்கவே இல்லை. நாலு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன்.”

தூறல் வலுத்தது. சாரத்தில் கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே இருவரும் ஒதுங்கினார்கள். மேஸ்திரி திடீரென்று வேறு எங்கோ வேலை இருப்பவர்போல் நகர்ந்துவிட்டார்.

“எனக்குக் கோவம் வரும் டீச்சர்,” என்றான் அவன். “வராதுன்னு சொன்னா பொய்.”

“எனக்குப் பயம் வரும். வராதுன்னு சொன்னா அதுவும் பொய்.”

“இப்போ வருதா?”

“வருது.”

அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். மழை அவன் தோளில் விழுந்தது.

“அட, அந்தப் பயம் இல்லை,” என்றாள் அவசரமாக. “சொல்ல வந்ததைச் சொல்லிட்டா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயம்.”

“சொல்லித்தான் பாருங்களேன்.”

அவள் மழையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “உங்களைப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.”

பின்னால் போன அந்த ஓர் அடியை அவன் மறுபடி முன்னால் எடுத்து வைத்தான்.

அன்று மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் இன்றுவரை சண்டை. உடனே விட்டது என்பாள் அவள். இருட்டும்வரை பெய்தது என்பான் அவன். ஆனால் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே அவன் கடைசியில் சொன்னது என்ன என்பதில் மட்டும் சண்டையே வந்ததில்லை.

“என் கோவத்தை நான் பார்த்துக்கறேன். அது என் வேலை. நீங்க... சும்மா கூட இருந்தா போதும்.”