காக்காய்க் கடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்ததும் ராசம்மாளின் நாக்கு, கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கம் தானாகப் போய்த் தடவிப் பார்த்தது. முந்தின நாள் சாயங்காலம் பல் டாக்டர் சாமுவேல் மெஷின் வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்த இடம் அது. படுக்கும்போதுகூடப் பீங்கான் கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. இப்போது சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. சோற்றுப் பருக்கையாக இருக்கும் என்று நகத்தால் நெம்பினாள். வரவில்லை.

கணபதி வட்டாரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் அவளுக்கு ஒன்பது வருடமாக வேலை. செம்புக் கம்பியைச் சுற்றி, நூல் நாடாவால் இறுக்கிக் கட்டி, மிச்ச நாடாவைப் பல்லால் கடித்துத் துண்டிக்க வேண்டும். கத்தரி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது; அதைத் தேடி எடுப்பதற்குள் இன்னொரு காயில் முடிந்துவிடும். இரண்டு வருடமாகக் காலையில் துப்பினால் ரத்தம். வலி கிடையாது. வலிக்காத நோய்க்கு யார் டாக்டரிடம் போவார்கள்? கடித்த நாடாவில் சிவப்பாகப் பட்டதைப் பக்கத்தில் உட்காரும் அடுத்த வீட்டுப் பொற்கொடி பார்த்துவிட்ட பிறகுதான் வெட்கப்பட்டுக்கொண்டு போனாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ராசம்மாளுக்குச் சோறும் சேர்ந்து போய்விடும்.

“பல்லுல படிஞ்ச காரையை எடுத்தாப் பல்லு ஆடிப்போயிருமுன்னு சொல்றாங்களேங்க?” என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். “கறையான் புத்துத்தான் செவுத்தத் தாங்கிப் புடிச்சிருக்குதுங்கிற மாதிரி இருக்குதுங்கம்மா. அந்தக் காரைதான் உங்க ஈறைத் தின்னுட்டு இருக்குது. சத்தமில்லாமத் திங்கும். எடுத்துப்போட்டு, ரெண்டு வேளையும் ஒழுங்காத் தேய்ச்சு, ஆறு மாசத்துக்கொருக்கா வந்து காட்டுனீங்கன்னா, சாகற வரைக்கும் பல்லு இருக்கும்.”

அந்தப் பேச்சை நம்பித்தான் வாயைத் திறந்தாள். ரித்திகா விஷயத்தில் அவள் டாக்டர் சொல்லாமலேயே அப்படித்தான். ஐந்து வயது மகளுக்கு இருபது பால்பற்கள், ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. தினமும் ராசம்மாளே மடியில் போட்டுத் தேய்த்துவிடுவாள். தன் வாய் எக்கேடு கெட்டாலும் மகள் வாய் கெடக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொரசொரப்பு பல்லுக்குப் பல் நகர்ந்து கடைவாய் வரை போயிருந்தது. புருஷன் வேலுமணி டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போயிருந்தான், செவ்வாய்க்கிழமைதான் வருவான். பக்கத்து வீட்டு டிவி ஓய்ந்து, தெருக்குழாயில் குடம் வைக்கும் சத்தமும் நின்றபோது, தாடைக்குள் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது, சல்லடையிலிருந்து மணல் இறங்குவதுபோல. வாயை மூடினால் கேட்டது, திறந்தால் நின்றது. மூக்குக்குள் ஈரச் சுண்ணாம்பு வாசனை. உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு மகளை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தாள். ஓடு உடைவதுபோல் சத்தம் வந்து, மஞ்சள் சில்லுகள் நாக்கில் விழுந்தன. கொஞ்சமும் வலிக்கவில்லை. ரித்திகா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். பொற்கொடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்ட சாமுவேலின் சிரிப்பு நின்றது. “சனிக்கிழமை நான்தானே எடுத்தேன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மெஷின் கிரீச்சிட்டது. கிராம்புத் தைல வாசனையை மீறிச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. வலப்பக்கம் முடிப்பதற்குள் இடப்பக்கத்தைக் காரை மறுபடியும் மூடியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மெஷினை நிறுத்தினார்.

“ஊட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களா?”

“ஒண்ணு இருக்குதுங்க. அஞ்சு வயசு.”

“உங்க எச்சில் பட்டது எதையும் அதுக்குக் குடுத்துப்போடாதீங்க. டம்ளர்கூட. இதுக்கு முன்னால ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்லைங்க” என்றாள்.

அது பொய்யில்லை. நேற்று மத்தியானம் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கடலை மிட்டாய். ரித்திகா, “நீயும் தின்னும்மா” என்று அடம்பிடித்தாள். ராசம்மாள் அதை முந்தானையில் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடித்து இரண்டாக உடைத்தாள். காக்காய்க் கடி. நடுவில் துணி இருந்தால் எச்சில் கிடையாது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பங்கு போடும். எச்சில் தீட்டு பார்க்கிற பெரியவர்கள்கூட அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

படியிறங்கும்போது முந்தானையைப் பார்த்தாள். நேற்றுக் கட்டிய அதே சேலை. கடித்த இடம் விறைத்து நின்றது. தொட்டாள். கல். திருப்பினாள். துணியின் அந்தப் பக்கமும் கல்.

லேத்துப் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே, வார்னிஷ் வாசனையும் வெயிலும் முகத்தில் அடிக்க, செருப்பு ஒன்று கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினாள். வாயைத் திறந்தபடியே ஓடினாள். மூடப் பயம்.

பொற்கொடி வாசலில் நின்றிருந்தாள். “ஏனுங்கக்கா, உங்க புள்ளை வெடியாலருந்து பேசவே மாட்டீங்குதுங்க. பாலு குடுத்தேன், அதும் குடிக்கலை. உங்க மேல கோவமாட்ட இருக்குது.”

ராசம்மாள் உள்ளே போனாள்.

பாயில் ரித்திகா. முதுகு மட்டும் தெரிந்தது.

“கண்ணு. இங்க பாரு. வாயத் தொற அம்மணி.”

சொல்லி முடித்ததும் தாடை மூடிக்கொண்டது. மறுபடி திறக்கவில்லை. இழுத்தாள். அசையவில்லை.

மகள் திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. உதடுகளை விரித்துக் காட்டினாள்.

மேல்வரிசை இல்லை. கீழ்வரிசை இல்லை. நடுவில் கோடுகூட இல்லை. ஈறிலிருந்து ஈறுவரை ஒரே வெள்ளைச் சுவர்.

அதற்குப் பின்னாலிருந்து சின்ன நாக்கு தட்டியது.

டொக். டொக். டொக்.

ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிடத் தூரத்திலிருந்து கேட்டது.