பொறு என்று ஒரு வார்த்தை

அந்தப் பொம்மைக் காருக்கு நான்கு வார்த்தைகள் தெரியும். போ, இடது, வலது, நில். மகாவும் கிளாரன்ஸும் தினேஷும் சேர்ந்து அதற்காகவே உருவாக்கிய மொழி அது. காருக்குள் இருந்த குட்டி சிப்பில் இன்னும் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது.

"ஆடு!" என்றான் கிளாரன்ஸ். "நாளைக்கு ஸ்கூல் ஷோல நம்ம கார் டான்ஸ் ஆடினா, ஜோகுபாளையமே விசில் அடிக்கும்!"

மகாவுக்கும் அதே ஆசைதான்.

"பொறு," என்றான் தினேஷ்.

"எதுக்குப் பொறுக்கணும்? சீக்கிரம் சொல்லு," என்றாள் மகா.

"இல்ல... அந்த வார்த்தைதான். பொறு."

கிளாரன்ஸ் சிரித்துவிட்டான். "அதான் நில் இருக்கேடா! சும்மா நிக்கிற காரைப் பார்க்க யாரு வருவா?"

தினேஷ் எழுந்து வெளியே போய்விட்டான். முன்பெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். இப்போது அப்படி இல்லை.

மகா பின்னாலேயே போனாள். அவன் குழாயடியில் நின்றிருந்தான். புத்தகப்பையில் ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை தொங்கியது.

"கரியாவோடதா?"

தலையாட்டினான். கரியா அவன் வளர்த்த நாய். போன வாரம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது.

"நான் ரோட்டைத் தாண்டிட்டு, 'வா'ன்னு கூப்பிட்டேன். அப்பதான் தண்ணி லாரி வந்துச்சு. 'பொறு, பொறு'ன்னு கத்தினேன். அதுக்கு அது தெரியாது, மகா. 'வா' மட்டும்தான் தெரியும். நான் சொல்லிக்குடுக்கவே இல்ல."

மகா மணி அடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு பள்ளியின் கணினி அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'நில்' என்றால் ஓட்டம் அதோடு முடிந்துவிடும். யாராவது தட்டினால்தான் கார் மறுபடி கிளம்பும். 'பொறு' என்றால், வழி விலகியதும் அது தானாகவே கிளம்ப வேண்டும். இருக்கும் நான்கையும் எப்படி எப்படியோ சேர்த்துப் பார்த்தாள். 'பொறு' வரவே இல்லை.

பிறகு இடது, வலது, இடது, வலது என்று தட்டினாள். கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு குலுங்கியது.

"ஏய், ஆடுது!" கிளாரன்ஸ் குதித்தான்.

"ஆடறதுக்குப் புது வார்த்தை வேணாம், பாத்தியா? 'பொறு' அப்படி வராதுடா." கரியாவின் கதையை அவன் காதில் சொன்னாள்.

கிளாரன்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. தினேஷ் உள்ளே வந்ததும், தன் நாற்காலியை அவனிடம் தள்ளினான்.

"நீயே டைப் பண்ணு."

மறுநாள் கார் ஆடியது. எல்லோரும் விசில் அடித்தார்கள். அடுத்து, தரையில் சாக்கட்டியால் வரைந்த சாலை. தினேஷ் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். கார் சாலையை நெருங்கியபோது, கிளாரன்ஸ் ஒரு பொம்மை லாரியைக் குறுக்கே இழுத்தான். காரின் முன்னால் இருந்த சின்ன சென்சார் கண் அதைப் பார்த்தது. கார் பொறுத்தது.

இப்போது யாரும் விசில் அடிக்கவில்லை. லாரி கடந்து போனது.

"இப்ப வா," என்றான் தினேஷ், யாருக்கும் கேட்காத குரலில்.

கார் மெதுவாகச் சாலையைத் தாண்டியது. அவன் ஷூவுக்கு முன்னால் வந்து, மறுபடி பொறுத்தது.

தினேஷ் குனிந்து அதை எடுத்தான். ஷோ முடியும்வரை கீழே வைக்கவே இல்லை.