கடைசிப் பச்சை விளக்கு

இரவெல்லாம் சார்ஜில் கிடந்த பெட்டியில் காலையில் நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன. ஸுஹைம் கண்ணால் பார்த்தான். அவனுடைய நான்கு வயது மகள் நஸ்ரா விரல் விட்டு எண்ணியும் சொன்னாள். மதியம் இரண்டு மணிக்கு, பாலைவன ஊரான ஹைமாவைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் வந்தபிறகு, ஓட்டியபடியே இருக்கைக்கு அடியில் கைவிட்டு எடுத்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் எரிந்தது. நடுவில் யாரும் அதைத் தொடவில்லை.

செங்கல் அளவுப் பெட்டி. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள், வயர் நுனியில் முதலை வாய் மாதிரி இரண்டு கிளிப்புகள். இந்த வெயிலில் வண்டி பேட்டரி எப்போது செத்துப்போகும் என்று எவனாலும் சொல்ல முடியாது, அதனால் அந்த ஜம்ப் ஸ்டார்ட்டர் இல்லாமல் இந்தப் பக்கம் ஒருவரும் வண்டி எடுக்க மாட்டார்கள். இருபது நாளாகத்தான் அதற்கு என்னவோ ஆகியிருந்தது. துக்ம் ஊரில் எலக்ட்ரீஷியனிடம் காட்டியதற்கு அவன் சிரித்தான். "பெட்டி ஜம்முன்னு இருக்கு. உனக்குத்தான் சார்ஜ் இறங்கிப்போச்சு போல. மூஞ்சியப் பாரு!"

பின்னால் ஏற்றியிருந்த பசுந்தீவனக் கட்டுகள் வெயிலில் வெந்து, அந்த வாசனை ஏசி வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மனைவி பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தாள். ஒட்டகங்களோ பட்டினி. பிள்ளையை விட வேறு இடமில்லாமல்தான் கூட்டி வந்திருந்தான்.

டக். டக்.

நஸ்ரா இரண்டு முஷ்டிகளையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அதப் பண்ணாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"அந்த மாமா பண்ணாருல்ல பாபா."

"எந்த மாமாவும் இல்ல. பேசாம சிப்ஸத் தின்னு."

மாமா இருந்தார். இருபது நாளுக்கு முன்னால், இதே சாலையில், இதே வெயிலில். அன்றும் நஸ்ரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பானெட்டைத் திறந்து வைத்த ஒரு வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் ஒருவன் நின்று முஷ்டிகளை முட்டிக் காட்டினான். பேட்டரி போய்விட்டது, உயிர் கொடுத்துவிட்டுப் போ என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிற வழக்கம் இந்தப் பாலைவனத்தில் கிடையாது. பகையாளியாக இருந்தாலும் நிற்பார்கள், வண்டி கிளம்பும்வரை பேர்கூடக் கேட்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஸுஹைமின் ஒட்டகம் பந்தயத்தில் ஓட வேண்டியிருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வருகிற எவனாவது நிற்பான் என்று நினைத்துக்கொண்டான். அவனைப் பார்க்காதது போல் குனிந்து ரேடியோவைத் திருகினான். பெட்டி அப்போதும் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது, நான்கு விளக்கோடு.

அவன் பெயர் மஹாத் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே கிடந்தானாம். வெயில் மூளைக்கு ஏறி, உடுப்பையெல்லாம் கிழித்தெறிந்து, தாகத்தில் மணலை அள்ளி அள்ளித் தின்றிருக்கிறான். ஊரே துக்கம் விசாரிக்கப் போயிற்று, ஸுஹைமும் போனான். மஹாதின் அப்பா தன் கையாலேயே காப்பி ஊற்றினார்.

"அந்த நேரத்துல ஒரு வண்டிகூட வரலையாம் தம்பி. நம்ம ஆளுங்க யாராச்சும் வந்திருந்தா நிக்காம போயிருப்பாங்களா?"

"நின்னிருப்பாங்க பெரியப்பா."

சொல்லிவிட்டு அந்தக் காப்பியைக் குடித்தான். இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தான். அந்தக் கசப்பு இன்றுவரை தொண்டையை விட்டுப் போகவில்லை.

"பாபா, மாமா!"

ஸுஹைம் நிமிர்ந்து பார்த்தான். கானல் நெளிகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கார், பானெட் தூக்கியபடி நின்றது. ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது.

ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் இன்னொரு முறை அந்தக் காப்பியைக் குடிக்க அவனுக்குத் தெம்பில்லை. யாரோ பாவம், வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டே சற்றுத் தள்ளி நிறுத்தினான். பிள்ளைக்காக என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டான். "இறங்காதே, இதோ வந்துடறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். இங்கே எல்லோரும் செய்வதுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

வெயில் முகத்தில் அறைந்தது. காற்று இல்லை. செருப்புக்கு அடியில் தார் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம், பின்னால் தன் பிக்கப்பின் உறுமல், அதற்கு மேல் இன்னொரு சத்தம், மணல் எங்கேயோ நிற்காமல் கொட்டிக்கொண்டிருக்கிற சத்தம். பக்கத்தில் போகப் போகக் கருகிய தோலின் வாடை வந்தது. அந்த ஆள் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்துக் குனிந்திருந்தான். மேலே சட்டை இல்லை. முதுகுத் தோல் கறுத்து, வெடித்து, பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றான் ஸுஹைம். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"வந்துட்டியா அண்ணே," என்றது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "ரொம்ப நேரம் காக்க வச்சுட்டியே."

பானெட்டுக்குள் என்ஜின் இல்லை. பேட்டரி இல்லை. விளிம்புவரை மணல். அதற்குள் மணிக்கட்டுவரை கைகளைப் புதைத்து அவன் துழாவிக்கொண்டிருந்தான்.

அவன் திரும்பினான். உதடு இல்லை. பல் இருந்தது. பேசப் பேச வாயிலிருந்து மணல் கொட்டியது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் நின்னுபோயிட்டேன்."

அப்போதுதான் ஸுஹைமுக்கு உறைத்தது. பின்னால் உறுமல் இல்லை. பிக்கப் அணைந்திருந்தது.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். கைப்பிடியை இழுத்தான். பூட்டியிருந்தது. சாவி உள்ளே தொங்கியது. ஏசி நின்ற கண்ணாடிக் கூண்டுக்குள் நஸ்ரா சிவந்துபோய், வியர்வையில் முடி ஒட்டி, கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

"பாபா! சுடுது! பாபா!"

"நஸ்ரா! கண்ணு! அப்படி ஓரமாப் போடி!"

பின்பக்கம் தாவி வீல் ஸ்பேனரை எடுத்தான். ஓங்குவதற்குள் கணுக்காலை ஒரு கை பிடித்து இழுத்தது. தாரில் முகம் மோதியது. இரண்டு பல் உடைந்தது. திரும்பி அடித்தான். அதன் நெற்றி உடைந்து மணல் கொட்டியது. இன்னொரு அடி. தாடை கழன்று விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. ரத்தமே வரவில்லை. மணல். மணல் மட்டும்.

அது அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெட்டி அதன் கையில் இருந்தது.

"மன்னிச்சிடு," என்று கதறினான். "நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். என் பொண்ண விட்டுடு. அல்லாஹ் மேல ஆணையா, அவள விட்டுடு!"

கத்திய வாய்க்குள் அது விரலை விட்டு நாக்கை வெளியே இழுத்தது. சிவப்புக் கிளிப் நாக்கைக் கவ்வியது. பல் பல்லாக இறங்கியது. கறுப்புக் கிளிப் இடது மார்புச் சதையில். எலும்புவரை.

பொத்தான். டக்.

உடம்பு வில்லாக வளைந்தது. ஒரு விளக்கு. உள்ளே எதுவோ உறிஞ்சப்பட்டது. இரண்டு. நகங்கள் தாரில் பிய்ந்தன. மூன்று. நெஞ்சு ஒரு முறை அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

நான்கு.

கிளிப்புகளை அது வெடுக்கென்று பிடுங்கியது. நாக்கு அதோடு போயிற்று.

படுத்தபடியே அவன் எல்லாவற்றையும் பார்த்தான். மூட நினைத்தான், இமை மூடவில்லை. பிக்கப்பின் பானெட் திறந்தது. ரத்தம் சொட்டுகிற கிளிப்புகள் பேட்டரியில் மாட்டப்பட்டன. என்ஜின் உறுமியது. பூட்டு தானாகத் திறந்து, அது ஏறி உட்கார்ந்ததும் மறுபடி மூடிக்கொண்டது. வண்டி வளைந்து போய், தூரத்தில் திரும்பி, அவனை நோக்கி வந்தது.

ஸுஹைம் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று தெரியாது. மார்பில் துடிப்பு இல்லை, ஆனாலும் கால்கள் நின்றன. வெள்ளைக் காரின் திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்தப் பார்த்தான். வாயிலிருந்து மணல்தான் வந்தது. கைகளைத் தூக்கினான். முஷ்டிகளை முட்டினான். டக். டக். டக்.

வண்டி நெருங்கியது. ஓட்டுகிற முகத்தில் இப்போது தாடை இருந்தது, உதடு இருந்தது. அது ஸுஹைமின் உதடு. பக்கத்தில் ஏசிக் காற்றில் முடி பறக்க நஸ்ரா, அவனைப் பார்த்தாள், சிரித்தாள், இரண்டு முஷ்டிகளையும் முட்டிக் காட்டினாள். பிறகு ஓட்டுகிறவன் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். அவள் வாயசைவு அவனுக்குப் புரிந்தது.

பாபா, அந்த மாமா ஏன் அப்படிப் பண்றாரு?

ஓட்டுகிறவன் குனிந்து ரேடியோவைத் திருகினான்.